கட்டையும் தாளும்: பெங்களூர்ப் பியானோ வகுப்பறையில் இசைக்கோட்பாட்டின் வரலாறு

பெங்களூரில் பியானோ பயிலும் மாணவர் பலரும் தம் பயிற்சியின் நடுவழியில் ஒரு வாயிலைக் கடந்தாக வேண்டும். இலண்டனிலுள்ள ஏபிஆர்எஸ்எம் தேர்வு வாரியத்தின் ஆறாம் நிலைச் செய்முறைத் தேர்வுக்கு அமர விரும்புபவர், அதற்கு முன் ஐந்தாம் நிலைக் கோட்பாட்டுத் தேர்விலோ அதற்கு ஈடாக வாரியம் ஏற்கும் வேறொரு தேர்விலோ தேறியிருத்தல் வேண்டும். மற்றொரு வாரியமான டிரினிட்டியில் இக்கட்டாயம் இல்லை. எனினும் அதற்கும் நிலைதோறும் கோட்பாட்டுத் தேர்வு உண்டு. இதன் விளைவாக 'தியரி' என்னும் சொல், விரல் ஒலிப்பதைச் செவியும் அறிவும் உணர்ந்துகொள்ளும் முறையைக் குறிப்பதற்கு மாறாக, ஒரு தேர்வுத்தாளின் பெயராகவே இந்நகரில் பெரிதும் வழங்கி வருகின்றது.

கோட்பாடு தாளாக மாறியது எவ்வாறு? தென்னிந்தியாவில் அதனைக் கற்பிக்க வேறு வழி ஏதும் இருந்ததா? இருந்ததெனில் அது பியானோ வகுப்பறையை ஏன் எட்டவில்லை? இம்மூன்று வினாக்களையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

1. தண்டில் வந்திறங்கிய கல்வி

பெங்களூரில் ஆங்கிலேயப் படைமுகாம் 1809இல் அமைந்தது. கன்னடத்தில் 'தண்டு' என்று வழங்கும் கண்டோன்மென்ட் அதுவே. 1881இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் மீள ஒப்படைக்கப்பட்டபோதும் இப்பகுதி மட்டும் 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்னும் பெயரில் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே 1947 வரை நீடித்தது. படையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பெருந்திரளாக வந்து குடியேறினர். அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகளில் தமிழ் இன்றளவும் தெருமொழியாக இருப்பதற்குக் காரணம் இவ்வரலாறே.

மேலைக் கருவியிசையும் இத்தண்டின் வழியாகவே நகரினுள் புகுந்தது. படைப்பிரிவு வாத்தியக் குழுவும் தேவாலயமும் ஆங்கிலப் பள்ளியும் அதன் மூன்று தங்குமிடங்கள். பிஷப் காட்டன் பள்ளி 1865இலும் பால்டுவின் பள்ளி 1880இலும் தோன்றின. இத்தகைய பள்ளிகளும் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய கான்வென்டுகளும் உருவாக்கிய சூழலில்தான் பியானோ வகுப்பு வேரூன்றியது.

இதே காலப்பகுதியில் இலண்டனில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 1872இல் தொடங்கப்பெற்ற டிரினிட்டி இசைக் கல்லூரி, தன் மாணவரல்லாதார்க்கும் 1877 முதல் தேர்வு நடத்தத் தலைப்பட்டது. அத்தேர்வு முதலில் எழுத்துத் தேர்வாகவே இருந்தது என்பது நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி. செய்முறைத் தேர்வுக்குத் தேர்வாளர் ஒருவர் கப்பலேறி வரவேண்டும். எழுத்துத் தேர்வுக்கோ தாள் ஒன்று உறையிலிட்டு வந்தால் போதும். 1889இல் இராயல் அகாதெமியும் இராயல் கல்லூரியும் கூட்டாக அமைத்த வாரியமே இன்றைய ஏபிஆர்எஸ்எம். பேரரசின் எந்த மூலையிலிருந்தும் ஒரே வினாவுக்கு ஒரே விடையைப் பெறலாம் என்னும் எண்ணம் இவ்வாரியங்களின் பரவலுக்குத் துணைநின்றது.

தாள்வழிப் பயணத்திற்கு ஏற்பக் கோட்பாடும் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. எழுதிக் காட்டத்தக்கவை முன்னே வந்தன: சுரங்களின் பெயர், காலமதிப்பு, கீ சிக்னேச்சர், இடைவெளிகளின் எண்ணிக்கை, இத்தாலியச் சொற்களின் பொருள். கேட்டு அறியவேண்டியவை பின்னுக்குப் போயின. ஒரு மேஜர் ஸ்கேலைப் பிழையின்றி ஐந்து கோடுகளின் மேல் எழுதும் மாணவர் அதனைப் பாட வேண்டியதில்லை. ஒரு கார்டின் பெயரை எழுதுபவர் அதன் ஒலியை நினைவுகூர வேண்டியதில்லை. செய்முறைத் தேர்வில் செவிப்பயிற்சிக்கென ஒரு பகுதி இருந்தபோதிலும், கோட்பாட்டுத் தாளும் செவியும் தனித்தனி அறைகளில் வாழத் தொடங்கின.

2. அரண்மனையில் இரு அறைகள்

மைசூர் அரண்மனை இதற்கு விதிவிலக்காக இருந்திருக்கலாம். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் வீணை, வயலின், புல்லாங்குழல், நாதசுரம், மிருதங்கம் ஆகியவற்றோடு பியானோவும் வாசிக்க அறிந்தவர். அவரது ஆதரவில் கருநாடக இசைக் குழுவும் மேலை இசைக் குழுவும் அருகருகே இயங்கின. மேலைக் குழுவை ஓட்டோ ஷ்மிட் என்னும் செருமானியர் நடத்தினார்.

அவருடைய தம்பி மகளான இளவரசி விஜயதேவியின் இசைக்கல்வி நாம் பேசும் முறைக்கு நேரடிச் சான்று. மைசூர் குட் ஷெப்பர்டு கான்வென்டில் சிஸ்டர் இக்னேஷியஸிடம் பியானோவும், வெங்கடகிரியப்பாவிடம் வீணையும் அவர் பயின்றார். பின்னர் டிரினிட்டியைச் சேர்ந்த ஆல்பிரட் மிஸ்டோவ்ஸ்கியிடமும், 1947இல் நியூயார்க்கில் எட்வர்டு ஸ்டாயர்மானிடமும் பாடம் கேட்டார். 1974இல் பெங்களூரில் இன்டர்நேஷனல் மியூசிக் அண்டு ஆர்ட்ஸ் சொசைட்டியை நிறுவியவரும் அவரே.

அவருடைய தமையனார் ஜெயசாமராஜ உடையார் பியானோக் கலைஞராக வாழ விரும்பியவர். 1940இல் தந்தையும் பெரிய தந்தையும் அடுத்தடுத்து மறைந்தமையால் தம் 21ஆம் வயதில் அரியணை ஏறினார். ஆயினும் 1945இல் இலண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியின் லைசென்ஷியேட் தகுதியைப் பெற்றார். டிரினிட்டி அவரை மதிப்புறு உறுப்பினராக ஏற்றது. உருசிய இசையமைப்பாளர் நிகலாய் மெத்னரின் படைப்புகள் இசைத்தட்டுகளாக வெளிவர அவர் பொருளுதவி செய்தார். மெத்னர் தம் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே உரிமையாக்கினார்.

இத்தகையவர் இசை இயற்ற முற்பட்டபோது எழுதியவை கருநாடக இசைக் கிருதிகளாகும். ஸ்ரீவித்யா மரபில் அமைந்த 94 கிருதிகள் அவர் பெயரில் வழங்குகின்றன. இரு கோட்பாடுகளையும் ஆழ்ந்து கற்ற ஒருவரிடத்தில்கூட அவை ஒன்றையொன்று விளக்கும் கல்விமுறையாக உருப்பெறவில்லை. அரண்மனை இரு இசைகளுக்கும் இடமளித்தது. இரண்டிற்கும் இடையே ஒரு கதவை அமைக்கவில்லை. அரச ஆதரவின் பயனாக அரங்குகளும் இசைத்தட்டுகளும் கிடைத்தன. தொடக்கநிலை மாணவர் கையில் வைத்துப் படிக்கத்தக்க பாடநூல் ஒன்று கிடைக்கவில்லை.

3. தமிழகத்தில் எழுந்த பாலம்

கதவை அமைக்கும் முயற்சிகள் தமிழகத்தில் நடந்தன. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய வாத்தியக் குழுக்களின் மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்த நோட்டுசுரங்கள் ஏறத்தாழ நாற்பது. அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டிலேயே அமைந்தது. கமகமின்றிச் சங்கராபரணச் சுரங்களில் நேராக நடக்கும் இவ்வுருப்படிகள் இன்றும் தொடக்கநிலை வாய்ப்பாட்டு வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றன.

1890களின் தொடக்கத்தில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார், கீழை இசையை ஐரோப்பியக் குறிமுறையில் தரும் பெருநூலொன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். தியாகராசர் முதலானோர் கீர்த்தனைகளை ஐங்கோட்டுக் குறிமுறையில், அதாவது ஸ்டாஃப் நொட்டேஷனில், எழுதிய அவர், இருமுறைகளுக்குமிடையே சுரங்களையும் தாளங்களையும் ஒப்பிட்டு விளக்கவும் செய்தார். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'க்குத் தூண்டுகோலாக நின்றவரும் அவரே.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார்; 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் கூறும் வட்டப்பாலையை அவர் பன்னிரு இராசி வட்டமாக விளக்கினார். குரலிலிருந்து இளிக்கும், அவ்விளியைக் குரலாகக் கொண்டு அதன் இளிக்குமாக வட்டத்தில் நகர்ந்து செல்லும் முறை அது. பியானோ மாணவர் கீ சிக்னேச்சர்களை நினைவில் கொள்ள மனப்பாடம் செய்யும் 'சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ்' என்னும் ஐந்தாம் சுர வட்டமும் அடிப்படையில் இந்நகர்வே. ஒரு சார்ப்புக் குறி கூடும்போதெல்லாம் ஆதார சுரம் ஒரு பஞ்சமம் மேலேறுகின்றது என்பதை வட்டப்பாலை அறிந்த மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தாலே போதும்.

இம்மூவரோடு பெயரறியாப் பலரையும் சேர்த்தல் தகும். இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வென் செப்பமாக்கிய டானிக் சோல்ஃபா முறை, மிஷன் வழியாகத் தமிழ்த் திருச்சபைப் பாடகர் குழுக்களைச் சென்றடைந்தது. 'டோ' என்பது குறிப்பிட்ட ஒரு கட்டையைச் சுட்டாமல், பாடலின் ஆதார சுரத்தைச் சுட்டும் முறை அது. 'ச' என்பதும் அவ்வாறே இடம்பெயரும் ஆதாரம். ஆதலின் சரிகமபதநி அறிந்த தமிழர்க்கு அது புதுமையாகத் தோன்றியிருக்க இயலாது.

4. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கட்டை

பியானோவுக்கும் கருநாடக இசைக்கும் தொடர்பே இல்லை என்று கருதுவோர் ஒரு வழக்குச் சொல்லைக் கவனித்தல் நலம். பாடகரின் சுருதியை நாம் 'கட்டை' என்னும் அளவால் குறிக்கிறோம். ஒரு கட்டை என்பது சி. இரண்டு கட்டை என்பது டி. ஐந்து கட்டை என்பது ஜி. ஐந்தரைக் கட்டை என்பது ஜி சார்ப். முழு எண்கள் வெள்ளைக் கட்டைகள்; அரைகள் கறுப்புக் கட்டைகள். மூன்றரைக் கட்டை, ஏழரைக் கட்டை என்று எவரும் கூறுவதில்லை. ஏனெனில் ஈ, பி ஆகியவற்றிற்கு அடுத்துக் கறுப்புக் கட்டை இல்லை. ஆர்மோனியத்தின் கட்டைவரிசை கருநாடக இசையரின் நாவில் தங்கிவிட்டமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோட்பாட்டின் முதற்பாடமே இச்சொல்லினுள் அடங்கியிருக்கின்றது. ஒரே கீதத்தை ஐந்து கட்டையில் பாடும் சிறுமியும் ஒரு கட்டையில் பாடும் சிறுவனும் அதே 'ச'விலிருந்துதான் தொடங்குகின்றனர். கட்டை வேறு, உறவு ஒன்று. இதனையே மேலைக் கோட்பாடு டிரான்ஸ்போசிஷன் என்று தனிப்பாடமாகப் பின்னால் வைக்கின்றது. நம் மாணவர்க்கு இது முதல் வாரத்திலேயே கூறத்தக்கது.

தாளத்திலும் இவ்வாறே. 3/4, 6/8 ஆகிய இரண்டிலும் ஒரு பாரில் ஆறு குவேவர்கள் அடங்கும். அவற்றின் வேறுபாட்டைத் தொடக்க மாணவர் பலர் எண்ணிக்கையால் அறிய முயன்று குழம்புவர். நடை அறிந்தவர்க்குக் குழப்பமில்லை. மூன்று அடிகள், அடிக்கு இரண்டு என்பது முன்னது. இரண்டு அடிகள், அடிக்குத் 'தகிட' என மூன்று என்பது பின்னது. கையால் தட்டிச் சொல்லிவிட்டு எழுதினால் குறி தானே விளங்கும்.

5. பாலம் வகுப்பறையை ஏன் எட்டவில்லை?

முதற்காரணம், அப்பாலங்களின் நோக்கம். சின்னசாமி முதலியாரும் பண்டிதரும் நம் இசையைக் காக்கவும் அதன் தொன்மையை நிறுவவும் எழுதினர். பியானோ முன் அமரும் எட்டு வயதுக் குழந்தை அவர்தம் வாசகர் அல்லள். பண்டிதர் நூலின் பெரும்பகுதி சுருதிகள் 22 அல்ல, 24 என்னும் வாதத்திற்கே செலவாயிற்று.

இரண்டாவது, தேர்வின் மொழி. வினாவும் விடையும் ஆங்கிலத்தில் அமைந்தமையால், கண்டோன்மென்டில் தமிழோ கன்னடமோ பேசும் ஆசிரியரும் ஆங்கிலத்திலேயே விளக்க வேண்டியவரானார். 'கீரவாணி' என்று ஒரு சொல்லில் உணர்த்தத்தக்கதை 'ஹார்மானிக் மைனர்' என்னும் பெயரோடு டோன், செமிடோன் வரிசையாக மனப்பாடம் செய்விக்கும் நிலை ஏற்பட்டது.

மூன்றாவது, மறுபக்கத்திலிருந்து எழுந்த ஐயம். கட்டைக் கருவியால் கமகத்தை ஒலிக்க இயலாது என்னும் கருத்து வலுப்பெற்று, 1940இல் அனைத்திந்திய வானொலி ஆர்மோனியத்தையே விலக்கியது. அவ்விலக்கு 1971இல்தான் தளர்ந்தது. கட்டையின் துணைகொண்டு இரு கோட்பாடுகளையும் இணைத்துக் கற்பிக்க முனைவோர்க்கு இச்சூழல் ஊக்கமளித்திருக்க இயலாது.

நான்காவது, பணமும் சாதியும் வகுப்பும். பியானோ வைத்திருக்கும் வீட்டுக்கும் வாய்ப்பாட்டு கற்பிக்கும் வீட்டுக்கும் இடையே தெரு ஒன்றுதான் இருந்திருக்கலாம். ஆனால் தேவாலயமும் கோயிலும், கான்வென்டும் குருகுலமும் அத்தெருவை அகலமாக்கின.

6. ஒப்புமையின் எல்லை

இதுவரை கூறியவற்றால் இரு கோட்பாடுகளும் ஒன்றே என முடிவுசெய்தல் பிழையாகும். மேஜர் ஸ்கேலுக்குச் சங்கராபரணம், இயல்பு மைனருக்கு நடபைரவி, டோரியனுக்குக் கரகரப்பிரியா, லிடியனுக்கு மேசகல்யாணி, மிக்ஸோலிடியனுக்கு அரிகாம்போதி என்னும் இணைகள் சுரத்தானங்களின் அளவில் சரியானவை. இராகத்தின் அளவில் அவை சரியாகா. சங்கராபரணத்தின் காந்தாரம் அசையும் விதத்தைப் பியானோவின் ஈ கட்டையில் தேடுவது வீண்.

இதனினும் நுட்பமான வேறுபாடு ஹார்மானிக் மைனரில் உள்ளது. கீரவாணி அறிந்த மாணவர் அதன் ஏழு சுரங்களையும் ஒரு நொடியில் இனங்காண்பார். ஆயினும் ஏழாம் சுரம் ஏன் உயர்த்தப்பட்டது என்பதற்குக் கீரவாணியில் விடையில்லை. அங்கு காகலி நிஷாதம் இராகத்தின் இயல்பு, அவ்வளவே. மேலையிசையில் அதற்குக் காரணம் உண்டு. ஏ மைனரில் ஐந்தாம் சுரத்தின் மேல் எழும் கார்டு ஈ, ஜி, பி. அதிலிருந்து ஏ மைனர் கார்டுக்குத் திரும்பும்போது வீடு திரும்பிய உணர்வு மெலிந்து ஒலிக்கும். ஜி கட்டையை ஜி சார்ப் ஆக்கி அதே இரு கார்டுகளையும் வாசித்தால் ஈர்ப்பு கூடும். இதனைத் தாளில் ஒரு குறியாக எழுதக் கற்றவரினும், இருமுறை வாசித்துக் கேட்டவரே கோட்பாட்டைக் கற்றவர். தெரிந்த இராகம் வாயிலைத் திறக்கின்றது. வாயிலுக்கு அப்பாலுள்ள ஹார்மனி என்னும் வீட்டைப் பியானோவில்தான் காட்ட முடியும்.

வட்டப்பாலைக்கும் இவ்வெல்லை பொருந்தும். தூய பஞ்சமமாகப் பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு தாயிகளைச் சற்றே கடந்துவிடுவோம். வட்டம் ஏறத்தாழ 23.5 செண்ட் அளவில் மூடாமல் நிற்கும். பியானோ ஒவ்வொரு பஞ்சமத்தையும் ஏறத்தாழ 2 செண்ட் குறைத்து வட்டத்தை மூடுகின்றது. தம்பூராவின் பஞ்சமத்தையும் பியானோவின் பஞ்சமத்தையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவர், ஈக்குவல் டெம்பரமென்ட் என்னும் பாடத்தைப் பட்டப்படிப்பு வரை ஒத்திவைக்க வேண்டியதில்லை.

7. இன்று செய்யத்தக்கது

1987இல் அருணா சுந்தர்லால் தொடங்கிய பெங்களூர் இசைப்பள்ளி முதலாகப் பல நிறுவனங்கள் மேலையிசைக் கல்வியைக் கண்டோன்மென்டின் பழைய எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்துள்ளன. மின்னணுக் கீபோர்டின் வரவால் பியானோ விலை என்னும் தடையும் தளர்ந்தது. ஏபிஆர்எஸ்எம் கோட்பாட்டுத் தேர்வின் முதல் ஐந்து நிலைகள் இப்போது கணினிவழி நடைபெறுகின்றன. உறையில் வந்த தாள் திரைக்கு மாறியிருக்கின்றது. தெரிவுவிடை முறையால் எழுதும் பயிற்சியும் குறைந்திருக்கின்றது. செவியின் இடம் இன்னும் வெளியிலேயே இருக்கின்றது.

தேர்வு வாரியங்களைப் பழித்தல் என் நோக்கமன்று. நகருக்குத் தொடர்பேயில்லாத ஒரு தேர்வாளர் முன், கான்வென்டுச் சிறுமியும் இளவரசியும் ஒரே அளவுகோலால் மதிப்பிடப்பட்ட வாய்ப்பை அவையே தந்தன. தேர்வு அளக்கும் பகுதியையே முழுக் கோட்பாடாக நாம் கொண்டதுதான் கேடு. அதன் விலையைச் செலுத்துவோர், வீட்டில் சுப்ரபாதமும் தெருவில் நாதசுரமும் தேவாலயத்தில் கீர்த்தனையும் கேட்டு வளர்ந்து, வகுப்பில் மட்டும் இசையறியாதவராக அமர்த்தப்படும் பிள்ளைகள். அவர்கள் பாடத்தை விட்டு விலகும்போது 'தியரி வரவில்லை' என்று நாம் கூறிவிடுகிறோம்.

ஆய்வு மாணவர்க்கு இங்கு இரு பணிகள் காத்திருக்கின்றன. கான்வென்டுகளிலும் பழைய ஆசிரியர் வீடுகளிலும் மங்கிக்கொண்டிருக்கும் பயிற்சிக் குறிப்பேடுகளையும் தேர்வுத் தாள்களையும் தேடித் தொகுத்தல் ஒன்று. இந்நகரின் இசைக்கல்வி வரலாறு அவ்வோரங்களில் எழுதப்பட்ட பென்சில் குறிப்புகளில்தான் கிடைக்கும். தமிழிலும் கன்னடத்திலும் ஒரு தொடக்கநிலைக் கோட்பாட்டு நூலை ஆக்குதல் மற்றொன்று. அந்நூல் கட்டையிலிருந்து தொடங்கலாம். நோட்டுசுரம் ஒன்றை எடுத்து, அதன் அடியில் முதல், நான்காம், ஐந்தாம் கார்டுகளை வைத்து மாணவரே ஹார்மனி அமைக்கும்படி முதற்பகுதியை முடிக்கலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தீட்சிதர் செவியால் கேட்டு இம்மரபினுள் கொண்டுவந்த மெட்டுகள் அவை. அவற்றைப் பியானோவில் வைத்து ஆராய்வதற்கு எந்தத் தேர்வு வாரியத்தின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை.